நண்பருக்கு பைக்கைக் கொடுக்கலாமா? சாவியை நீட்டும் முன் பார்க்க வேண்டியவை

பைக் கேட்டு வருபவர் எப்போதும் அவசரத்தில்தான் வருவார். "மச்சான், சாவியைக் கொடு, பத்து நிமிஷத்துல வந்துடுறேன்" என்பார், ஒரு கையில் ஏற்கெனவே ஹெல்மெட் இருக்கும். யோசிக்க நேரம் இருக்காது. ஆகவே அந்த யோசனையை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வது நல்லது. இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

நண்பர் நல்லவரா, நம்பகமானவரா என்றுதான் நாம் எடை போடுகிறோம். போலீசும் கோர்ட்டும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதைக் கேட்பதில்லை. ஆர்சி-யில் யார் பெயர் இருக்கிறது, ஓட்டியவரிடம் சரியான லைசென்ஸ் இருந்ததா, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உயிரோடு இருந்ததா, இந்த மூன்றைத்தான் கேட்கிறார்கள். உயிருக்கு உயிரான நண்பனிடம் லைசென்ஸ் இல்லாமல் இருக்கலாம். அவ்வளவாகப் பழக்கமில்லாத பக்கத்து சீட்டுக்காரரிடம் எல்லாக் காகிதமும் ஒழுங்காக இருக்கலாம். பைக் விஷயத்தில் இரண்டாமவருக்குக் கொடுப்பதில்தான் ஆபத்து குறைவு.

படி 1: எங்கே, எதற்கு, யாரோடு

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். "எங்கடா போற?" என்பது நம் ஊரில் சாதாரண விசாரிப்புதானே. ஆனால் பதிலைக் கவனமாகக் கேளுங்கள்.

மெடிக்கல் ஷாப்புக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு என்றால் அடுத்த படிக்குப் போகலாம். டெலிவரி வேலைக்கோ பைக் டாக்ஸி ஓட்டவோ என்றால் அங்கேயே நில்லுங்கள். சொந்த உபயோகத்துக்கான டூவீலர் பாலிசியை எடுத்து "உபயோக வரம்பு" என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது, சொந்த லக்கேஜ் தவிர மற்ற சரக்கு ஏற்றுவது, பந்தயம் விடுவது எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். பின்னால் பையை மாட்டிக்கொண்டு சாப்பாடு கொண்டுபோகும்போது விபத்து நடந்தால், கம்பெனி முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். "ரெண்டு வாரம் டெலிவரி ஓட்டிட்டுத் தர்றேன், என் வண்டி சர்வீஸ்ல இருக்கு" என்று கேட்பவரின் கஷ்டம் நிஜமாகவே இருக்கலாம். முடிந்தால் அவர் வண்டியின் சர்வீஸ் செலவுக்குக் கைமாற்றுக் கொடுத்து உதவுங்கள். இழப்பு வந்தாலும் அந்தத் தொகையோடு நின்றுவிடும்.

வார இறுதியில் பாண்டிச்சேரி என்றால் இன்னும் யோசியுங்கள். திரும்பும் வழியில் செக்போஸ்டில் பாட்டில்களோடு பிடிபட்டால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்படி வண்டியையே பறிமுதல் செய்வார்கள். இப்படிப் பிடித்த வண்டிகளை ஏலம் விடுவதாக மாவட்டக் காவல்துறைகள் தரும் அறிவிப்புகளைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் நிற்பவை எல்லாம் பாட்டில் வாங்கியவர்களின் சொந்த வண்டிகள் இல்லை. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்து வண்டியை மீட்க அலைய வேண்டியது ஆர்சி-யில் பெயர் உள்ளவர்தான்.

குடித்திருப்பவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதை எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் தடவையே ₹10,000 அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு, குடித்து ஓட்டத் துணைபோனவருக்கும் அதே தண்டனையைத்தான் வைத்திருக்கிறது. "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது என்றாலே அவர் ஸ்டெடியாக இல்லை.

படி 2: லைசென்ஸைக் கண்ணால் பாருங்கள்

"லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டு "இருக்கு" என்ற பதிலோடு விட்டுவிடுவதுதான் வழக்கம். போதாது. என்ன லைசென்ஸ் என்று பார்க்க வேண்டும்.

கார் மட்டும் ஓட்ட லைசென்ஸ் வைத்திருப்பவர் பைக் ஓட்டக் கூடாது. ஸ்கூட்டிக்கு மட்டும் டெஸ்ட் கொடுத்து, கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் எடுத்தவர் கியர் வண்டியைத் தொடக் கூடாது. அட்டையில் எந்தெந்த வகைக்கு அனுமதி என்று எழுதியிருக்கும், அதன் அருகில் செல்லுபடியாகும் தேதியும் இருக்கும். இருபதுகளில் எடுத்த லைசென்ஸ் நாற்பது வயதைத் தாண்டும்போது காலாவதியாகியிருக்கலாம். அந்த வயது நண்பர்கள் பலருக்கு அது தெரிவதே இல்லை.

எல்எல்ஆர் வைத்திருப்பவர் தனியாக வண்டியை எடுத்துப் போகும் கதையே வேண்டாம். அவர் பழக வேண்டுமென்றால் எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ள நீங்கள் பின்னால் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத சாலைக்கு அழைத்துப் போங்கள்.

கார்டு கையில் இல்லை என்றால் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் ஆப்பிலோ திறந்து காட்டச் சொல்லுங்கள். செக்கிங்கிலும் அவை செல்லும். ஆனால் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய மங்கலான ஃபோட்டோ செல்லாது.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், லைசென்ஸ் இல்லாதவர் பிடிபட்டால் இரண்டு வழக்கு வரும். 181-ஆம் பிரிவில் ஓட்டியவர் மேல் ஒன்று, 180-ஆம் பிரிவில் வண்டியைக் கொடுத்த உங்கள் மேல் ஒன்று. 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டுக்கும் தலா ₹5,000. 3 மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. பத்து நிமிட உதவிக்கு இது கொஞ்சம் அதிகம்.

கேட்பது நண்பரின் தம்பியாகவோ பக்கத்து வீட்டு ப்ளஸ் டூ பையனாகவோ இருந்தால் பேச்சே கிடையாது. 199ஏ பிரிவின்படி 18 வயது நிறையாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால், வண்டிச் சொந்தக்காரருக்கும் பெற்றோருக்கும்தான் தண்டனை: 3 ஆண்டு வரை சிறை, ₹25,000 அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸும் கிடைக்காது. 16 வயதில் கியர் இல்லாத வண்டி ஓட்டலாமே என்று ஒரு வாதம் வரும். அந்தச் சலுகை 50 சி.சி. வரைதான். தெருவில் ஓடும் 110 சி.சி. ஸ்கூட்டர் எதுவும் அதில் அடங்காது.

படி 3: உங்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள்

இந்தப் படியைச் சாவி கேட்கும் நேரத்தில் செய்ய முடியாது. இன்றைக்கே உட்கார்ந்து செய்து முடியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. வண்டியை நண்பர் ஓட்டினால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. வழக்கமான பாலிசியில், செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் சரி என்றுதான் ஓட்டுநர் பகுதியில் போட்டிருக்கும். லைசென்ஸ் சரியாக இருக்கும் நண்பர் யாரையாவது இடித்துவிட்டால் அடிபட்டவருக்கான நஷ்டஈட்டை உங்கள் கம்பெனி கொடுக்கும்.

லைசென்ஸ் இல்லாதவர் இடித்தால் கணக்கு வேறு. அடிபட்டவர் கைவிடப்படக் கூடாது என்பதால் பல வழக்குகளில் கோர்ட் கம்பெனியை முதலில் பணம் கட்டச் சொல்லும். பிறகு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளச் சொல்லும். மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் நஷ்டஈடு லட்சங்களில் போகும், உயிரிழப்பு என்றால் சொல்லவே வேண்டாம். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு பிடிமானம்: உரிமையாளர் தெரிந்தோ அலட்சியமாகவோ நிபந்தனையை மீறினார் என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். அதாவது நீங்கள் லைசென்ஸைக் கேட்டுப் பார்த்து, அது அசல்போலத் தெரிந்ததால் நம்பிக் கொடுத்தீர்கள் என்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். படி 2-ல் "கண்ணால் பாருங்கள்" என்று எழுதியதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது, உங்கள் இன்ஷூரன்ஸ் நிஜமாகவே உயிரோடு இருக்கிறதா? 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குகளுக்கு 5 ஆண்டு தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் (உங்கள் வண்டி இடித்து அடிபடுபவருக்கானது) கட்டாயம். ஷோரூமில் கட்டும்போது "அஞ்சு வருஷத்துக்குப் பார்க்க வேண்டாம் சார்" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்த ஐந்து வருடம் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டிக்கு மட்டும்தான். உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதி பலருக்கு முதல் ஆண்டோடு முடிந்துவிடும். பாலிசித் தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் தனித்தனியாக அச்சாகியிருக்கும், இரண்டையும் பாருங்கள். ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்ற நினைப்பில் வண்டியைக் கொடுத்து, ஹெட்லைட்டும் ஃபோர்க்கும் போய் வந்த பிறகு இது தெரியவருவது வழக்கமான சோகம்.

நண்பர் இன்னொருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறாரா? தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில், சும்மா பின்னால் உட்கார்ந்து வருபவர் அடங்கமாட்டார் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவருக்கு அடிபட்டால் நஷ்டஈட்டுக்கு ஓட்டியவரும் உரிமையாளரும்தான் பதில் சொல்ல வேண்டும். ஃபுல் பாலிசியில் அவரும் அடக்கம். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தால் "டபுள்ஸ் போகாதே" என்று சொல்லியே கொடுங்கள்.

இனி, அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று. எதிரே யாரும் இல்லை, மணலில் சறுக்கி நண்பரே விழுந்து காலை உடைத்துக்கொள்கிறார். அவருக்கு யார் கொடுப்பார்கள்? நீங்கள் பிரீமியத்தோடு கட்டும் ₹15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியைச் சொந்தமாக வைத்திருந்து தானே ஓட்டுபவருக்கானது. உங்களுக்கு, உங்கள் பெயரில். நண்பருக்கு அது போகாது. தேர்ட் பார்ட்டி என்ற கணக்கிலும் அவர் வரமாட்டார், ஏனென்றால் வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார் என்பது 2009 நிங்கம்மா வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஆக அவருக்கென்று சொந்தமாக மெடிக்கல் இன்ஷூரன்ஸோ விபத்துக் காப்பீடோ இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவு அவர் வீட்டுத் தலையில்தான். அப்புறம் "உன் வண்டியை எடுத்துட்டுப் போய்த்தானே..." என்று பேச்சு உங்கள் வாசலுக்கு வரும். அடிக்கடி வண்டி வாங்குகிற நண்பரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

சின்னக் கணக்கு ஒன்றும் உண்டு. நண்பர் சாய்த்த வண்டிக்கு நீங்கள் க்ளெய்ம் போட்டால் உங்கள் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து ஆண்டு க்ளெய்ம் இல்லாமல் இருந்தால் 50 சதவீதம் வரை ஏறும் பிரீமியச் சலுகை அது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். ஒரு இண்டிகேட்டருக்கும் கண்ணாடிக்கும் க்ளெய்ம் போடுவதைவிட, செலவை நண்பர் கையில் வாங்கிக்கொள்வது இருவருக்கும் லாபம்.

படி 4: வண்டியைப் பழக்கிக் கொடுங்கள்

காகிதமெல்லாம் சரி. கொடுக்க முடிவு செய்துவிட்டீர்கள். சாவியைத் தூக்கிப் போடாமல் கீழே இறங்கி வந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

கியர்தான் முதல் விஷயம். ஸ்ப்ளெண்டரில் நான்கு கியரும் முன்பக்கம் மிதித்தே போவது. பல்சரில் முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே. பத்து வருடம் ஸ்ப்ளெண்டர் ஓட்டியவர் உங்கள் பல்சரில் அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது, அடுத்த கியர் போடுகிறோம் என்று பழக்கதோஷத்தில் முன்னால் ஒரு மிதி மிதிப்பார். கியர் ஏறுவதற்குப் பதில் இறங்கும். இன்ஜின் அலறும், பின்சக்கரம் இழுபடும், ஈரச் சாலையாக இருந்தால் வண்டி குறுக்கே திரும்பிவிடும். லைசென்ஸும் அனுபவமும் உள்ளவருக்கே இது நடக்கும். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை: அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வாழ்நாள் முழுக்க மற்ற வண்டி ஓட்டியவர் அதில் ஏறினால் அவசரத்துக்குப் பிரேக் என்று கியரை மிதிப்பார்.

அடுத்து பிரேக். டிரம் பிரேக் வண்டியிலேயே பழகிய கை, டிஸ்க் லீவரையும் அதே பலத்தோடு பிடிக்கும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளில் ஏபிஎஸ் (அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயம் என்பதால் புது வண்டிகளில் கொஞ்சம் தப்பிக்கலாம். அதற்கு முந்தைய வண்டி என்றால் "முன் பிரேக் ஷார்ப்பா இருக்கும், ரெண்டு விரல் போதும்" என்று சொல்லிக் கொடுங்கள்.

எடையும் முக்கியம். கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ சொச்சம். ஓடும்போது தெரியாது, பெட்ரோல் பங்கில் சரிவில் நிறுத்தும்போதும் யூ-டர்ன் எடுக்கும்போதும் தெரியும். தெரு முனைவரை ஒரு ரவுண்டு ஓட்டி வரச் சொல்லி நின்று பாருங்கள். கிளம்பும்போது வண்டி குதித்தாலோ, திரும்பும்போது இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தாலோ மனசை மாற்றிக்கொள்ள இன்னும் நேரமிருக்கிறது.

உங்கள் வண்டிக்கென்று இருக்கும் கோளாறுகளை மறைக்காதீர்கள். சைடு ஸ்டாண்டு தானாக ஏறாது, ஹார்ன் சில நேரம் வேலை செய்யாது, பின் டயர் வழுக்கையாகிவிட்டது. உங்கள் கைக்கும் காலுக்கும் பழகிப்போனதால் உங்களுக்கு அது தெரிவதில்லை. டயர் வழுக்கை என்றால் மழை நாளில் யாருக்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் எடுக்காதீர்கள்.

படி 5: கொடுக்கும்போது

ஹெல்மெட்டோடு கொடுங்கள், இருவர் போகிறார்கள் என்றால் இரண்டு. ஹெல்மெட் இல்லாவிட்டால் ₹1,000 அபராதம் என்பதோடு 3 மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்கவும் 194டி பிரிவில் இடமுண்டு. கேமராவில் பதிவாவது முகம் இல்லை, நம்பர் பிளேட். செலான் உங்கள் மொபைலுக்கு வரும்.

ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றின் தெளிவான நகலை நண்பரின் ஃபோனுக்கு அனுப்பிவிடுங்கள். அசலை வண்டி டூல் பாக்ஸில் வைக்காதீர்கள். வண்டி திருடுபோனால் ஆர்சி-யும் சேர்ந்து போகும்.

சாவி ஒன்றை மட்டும் கொடுங்கள். திருட்டு க்ளெய்மில் கம்பெனி எல்லாச் சாவிகளையும் கேட்கும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீக்கடைக்குள் போயிருந்தால் அலட்சியம் என்று சொல்லி க்ளெய்மை மறுக்கப் பார்ப்பார்கள். "எங்க நிறுத்தினாலும் சைடு லாக் போடு" என்பதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்: "வண்டி எடுத்துட்டியா? ஆறு மணிக்குள்ள வேணும், பெட்ரோல் பாதி டேங்க் இருக்கு." அவர் "ஓகே" என்று பதில் போட்டால் போதும். நட்பாகவே இருக்கும், ஆனால் யார், எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தார் என்பது பதிவாகிவிடும். வண்டியை யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டியது உரிமையாளரின் கடமை, 133-ஆம் பிரிவு. இரண்டு மாதம் கழித்து ஒரு செலான் வரும்போது அன்றைக்கு வண்டி யாரிடம் இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்?

மீட்டரையும் இரண்டு பக்கத்தையும் ஃபோட்டோ எடுக்கலாமா? வாடகை வண்டிக்கு எடுக்கலாம். நண்பர் எதிரில் நின்று எடுத்தால் முகம் மாறிவிடும். அவர் கிளம்பும்போது "நில்லுடா" என்று அவரையும் வண்டியையும் சேர்த்து ஒரு ஃபோட்டோ எடுங்கள், வேலை முடிந்தது.

படி 6: விபத்து நடந்துவிட்டால்

ஃபோன் வந்ததும் முதல் கேள்வி "வண்டிக்கு என்ன ஆச்சு" என்று இருக்கக் கூடாது. 108-ஐ அழைத்தாயிற்றா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், அரசு மருத்துவமனைகளிலும் சேர்க்கப்பட்டுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. இதைத் தெரிந்து வைத்திருப்பவர் ஒருவர் அந்த இடத்தில் இருந்தாலே பாதி பதற்றம் குறையும்.

பிறகு ஸ்டேஷனுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தாமதிக்காமல் தகவல். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

இந்தக் கட்டத்தில் எங்கிருந்தோ ஒரு அண்ணன் வருவார். "தம்பி, அவன்கிட்ட லைசென்ஸ் இல்ல, நீதான் ஓட்டினேன்னு சொல்லிடு, சிம்பிளா முடிஞ்சிடும்" என்பார். முடியாது. இன்றைக்குத் தெருவுக்குத் தெரு சிசிடிவி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் யார் எப்படி அடிபட்டு வந்தார் என்று எழுதுகிறார்கள், ஃபோன் டவர் நீங்கள் வேறெங்கோ இருந்ததைக் காட்டும். பொய் என்று தெரிந்தால் கம்பெனி க்ளெய்மை மறுக்கும். அதோடு விபத்து வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஓட்டாத நீங்களாக இருப்பீர்கள். ₹5,000 அபராதத்துக்குப் பயந்து செய்யும் வேலையா இது?

மறுப்பது எப்படி

மேலே உள்ளதில் ஏதோ ஒன்று இடிக்கிறது, கொடுக்க முடியாது. எப்படிச் சொல்வது? பொய்க் காரணம் வேண்டாம். "பெட்ரோல் இல்ல" என்றால் "நான் போட்டுக்கறேன்" என்பார். "பிரேக் சரியில்ல" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் அதே வண்டியில் அவர் கண்ணெதிரே போவீர்கள்.

உண்மையைச் சட்டத்தின் மேல் போட்டுச் சொன்னால் மனக்கசப்பு குறைவு. "மாப்ள, லைசென்ஸ் இல்லாதவங்களுக்குக் கொடுத்தா என் மேலயும் கேஸ் வரும். எங்க போகணும் சொல்லு, நான் கொண்டு விடறேன்." இந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதலாவதைச் சொல்லாதீர்கள். நேரமில்லை என்றால் ஆட்டோவுக்குப் பணம் போட்டுவிடுங்கள். வயதில் மூத்தவர், மேலதிகாரி, மாமா மாதிரியானவர்களிடம் "இல்லை" என்ற சொல்லே வராது. அவர்களிடம் "வாங்க சார், நானே ட்ராப் பண்றேன்" என்று சொல்லிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிடுவதுதான் வழி.

யாருக்குமே கொடுப்பதில்லை என்பதும் மரியாதையான கொள்கைதான், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தால். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுப்பதில்தான் வருத்தம் வருகிறது.

திரும்பி வந்ததும்

சாவியை வாங்கி ஸ்டாண்டில் தொங்கவிடாமல் ஒருமுறை கீழே போய்ப் பாருங்கள். ஹேண்டில் நேராக இருக்கிறதா, பிரேக், கிளட்ச் லீவர் நுனியில் தேய்ந்த தடம் உண்டா, சைலன்சரில் புதுக் கீறல் உண்டா. வண்டி சாய்ந்திருந்தால் இந்த இடங்களில் தெரிந்துவிடும். கேட்பதென்றால் அன்றைக்கே கேளுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் சண்டையில் முடியும். சில நாள் கழித்துப் பரிவாகன் இ-செலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆர்சி-யில் பழைய மொபைல் எண் இருந்தால் எஸ்எம்எஸ் வராது, அதை மாற்றிவிடுவது நல்லது.

ஆறு மாதம் வைத்துக்கொள் என்று கொடுப்பவர்களுக்கு

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஊர் மாறுகிறவர்கள் இப்படி விட்டுப் போவதுண்டு. "சும்மா நின்னா பேட்டரி போயிடும், நீ ஓட்டு" என்று. மேலே சொன்ன எல்லாப் பொறுப்பும் நீங்கள் துபாயில் இருந்தாலும் உங்களுடையதுதான். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் தேதியை நண்பரை நம்பி விடாமல் நீங்களே ஆன்லைனில் கட்டுங்கள். புகைச் சான்றை அவர் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும்.

கொஞ்ச நாளில் "நானே வச்சுக்கறேன், ரேட் சொல்லு" என்ற பேச்சு வரும். பணத்தை வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமல் விடுவதுதான் பெரிய பொறி. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் நஷ்டஈட்டுப் பொறுப்பு அவருக்குத்தான் என்று 2018-ல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, மாநிலத்துக்குள் விற்பனை என்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓ-வில் தெரிவித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸையும் அவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆன்லைனில் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்த பிறகு இரண்டாவது சாவியைக் கொடுத்தால் போதும்.